நினைவுக்கல்லும் நிழற்படமும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவகத்துள் நுழைவோர் முதலிற் காணும் ஊர்களுள் ஒன்று அல்லைப்பிட்டி. நயினாதீவில் நாகபூசணி அம்மனைத் தரிசிக்கப் போவோரும், அங்குள்ள நாகவிகாரையை வழிபடத் தென்னிலங்கையிலிருந்து பஸ் வண்டிகளில் வருவோரும், நெடுந்தீவின் குதிரைகளையும் பெருக்குமரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையையும் பார்க்கச் செல்லும் உல்லாசப் பிரயாணிகளும் இவ்வூரின் ஊடாகவே குறிகட்டுவான் துறையைச் சென்றடைகின்றனர். இருமருங்கும் பரவைக் கடல். ஆழமற்ற நீரில் மீன்பிடிப்போரின் களங்கண்டிகள். மாலையானால் நீரெல்லாம் செம்பொன். படமெடுப்பதற்கேற்ற காட்சிகளுக்குக் குறைவில்லை. எடுக்கவும் செய்கிறார்கள். தாம் கடந்துவந்த ஊரில் 2006ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி இரவு நடந்தது என்னவென்று அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குத் தெரியாது.

அன்றிரவு அல்லைப்பிட்டியில் ஒரு வீட்டினுள் ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். நான்கு மாதக் குழந்தையொன்றும் நான்கு வயதுச் சிறுவனொருவனும் அவர்களுள் அடங்குவர். அதே இரவில் புளியங்கூடலிலும் வங்களாவடியிலுமாக மேலும் நால்வர். ஆக மொத்தம் 13 பேர். குற்றச்சாட்டுக் கடற்படையினர்மீது எழுந்தது. கடற்படை அதை மறுத்தது. மூன்று மாதங் கழித்து, ஓகஸ்ட் 13ஆம் திகதி, அவ்வூர்ப் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது ஷெல்கள் வீழ்ந்தன, பலர் மாண்டனர். காயமுற்றோரைக் காப்பாற்ற ஓடித் திரிந்த பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார், அதே மாதம் 20ஆம் திகதி, உடன் சென்ற ஒருவரோடு காணாமற்போனார். இன்றுவரை திரும்பவில்லை. இவ்விரு சம்பவங்களும், அதாவது மே மாதக் கொலைகளும் அடிகளார் காணாமற்போனமையும், நீதியரசர் உடலகம தலைமையில் 2006இல் அமைந்த சனாதிபதி ஆணைக்குழு ஆராய வேண்டியிருந்த 16 சம்பவங்களின் பட்டியலில் இடம்பெற்றன. அவ்வாணைக்குழுவை மேற்பார்வை செய்ய வந்த சர்வதேசப் பிரமுகர் குழு, சாட்சிகளுக்குப் பாதுகாப்பில்லை என்பதையும் ஒரு காரணமாகக் கூறி, 2008இல் நாட்டைவிட்டு வெளியேறிற்று. வெளிநாட்டிலிருந்து காணொளி மூலம் சாட்சியமளிக்கும் ஏற்பாடும் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. அறிக்கை 2015 வரை அச்சுக்கு வரவில்லை. எவரும் தண்டனை பெறவில்லை.

ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்குக் கணக்கு ஒன்று தானாகவே மனத்தில் எழுகிறது. 2006 மே மாதத்தில் நான்கு மாதம் நிறைந்திருந்த குழந்தை இருந்திருக்குமாயின், அண்மையிலே நம் வகுப்புகளிலிருந்து உயர்தரப் பரீட்சைக்குச் சென்ற மாணாக்கரோடு தானும் சென்றிருக்கும். அதன் ஒத்த வயதினர்தாம் இப்போது நம்மிடம் ஒரு வினாவை எழுப்புகின்றனர். நினைவேந்தலுக்குப் போகும்போது தூபியைப் படமெடுக்கலாமா? அதன் முன் நின்று நம்மையும் சேர்த்து எடுப்பது பிழையா? பிழையென்றால், எடுக்காமலே வந்துவிடுவது மட்டும் சரியாகுமா, சேர்?

இவ்வினாவை வெறும் நாகரிக வினாவென்று தள்ளிவிடல் எளிது. கைத்தொலைபேசி யுகத்தின் சீரழிவென்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிடலாம். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. வினா பழையது, கருவிதான் புதியது.

சாட்சிக்குப் பழந்தமிழில் வழங்கிய சொல் ‘கரி’. எரிந்தபின் எஞ்சுவதற்கும் அதுவே பெயர். இச்சொல்லொற்றுமை தற்செயலானதாயிருக்கலாம், சொல்லாராய்ச்சியில் அளவுக்கு மீறி இன்பம் காண்பது தமிழ் படித்தவர்களின் நோய் என்பதையும் நாம் அறிவோம். ஆயின், சங்கச் சான்றோர் காண்பதையும் சாட்சி கூறுவதையும் ஒன்றெனக் கருதவில்லை என்பதற்கு வேறு ஆதாரம் உண்டு. குறுந்தொகையிலே கபிலர் பாட்டொன்றில், தலைவன் தன்னைக் கைப்பிடித்த காலத்தில் சாட்சியாக எவரும் இருக்கவில்லை என்று தலைவி சொல்கிறாள். ஒரு குருகு மட்டும் அங்கு நின்றது. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்பார்த்து நின்றது. அதற்குக் கண் இருந்தது, பார்வையும் கூரியது, அது நின்ற இடமும் சம்பவம் நிகழ்ந்த இடமே. இருந்தும் அது சாட்சியன்று. ஏனெனில், அதன் கவனம் தன் இரையில் இருந்தது. அதைவிட முக்கியமாக, கண்டதைச் சென்று சொல்ல அதற்கு வாயுமில்லை, கடப்பாடுமில்லை.

நெடுந்தீவுத் துறையில் இறங்கியதும் நினைவுத்தூபியை ஒரு சொடுக்கிற் பிடித்துக்கொண்டு குதிரைகளைத் தேடி ஓடுபவரின் நிலை அக்குருகின் நிலைதான். அவரைத் தீயவரென்று நாம் சொல்லவில்லை. ஆரலைத் தேடி வந்தவர், ஆரலோடு போகிறார்.

அத்தூபி எதற்காக நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். 1985 மே 15ஆம் திகதி காலை, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிலிருந்தோர் கத்தியாலும் கோடரியாலும் வெட்டப்பட்டனர். பெண்களும் முதியோரும் கைக்குழந்தையும் அதிலிருந்தனர். செய்தோர் கடற்படையினர் என்றே தப்பியவர்கள் கூறினர். கொல்லப்பட்டோர் 23 பேருக்குக் குறையாதவர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை எழுதிற்று. தீவு மக்கள் 36 என்கின்றனர். நம்மை வியப்பிலாழ்த்துவது பின்னர் நிகழ்ந்தது. குமுதினி திருத்தப்பட்டு மீண்டும் சேவைக்கு வந்தது. பல்லாண்டுகளாக அதே கடலில், அதே மக்களை, அரிசி மூட்டையோடும் பாடசாலைப் பையோடும் ஏற்றியிறக்கியது. ஐரோப்பாவாயிருந்தால் அதைக் கண்ணாடிக்குள் வைத்து நுழைவுச்சீட்டு விற்றிருப்பர். இங்கே வேறு படகில்லை. ஆகவே சோகமும் சேவையும் ஒரே பலகையில் இருந்தன. வெட்டுண்டவர் அமர்ந்த இடத்தில் அவர் பேரன் அமர்ந்து பட்டினத்துக்குப் போனான். ஏழைகளுக்கு நினைவுச் சின்னம் என்பது பெரும்பாலும் இவ்வாறுதான் அமைகிறது. இதனை எந்தப் படம் காட்டும்? படகைப் படமெடுத்தால் படகு தெரியும். அவ்வளவே.

இங்கேதான் நிழற்படத்தின் எல்லை புலப்படுகிறது. படம் தன்னளவில் ஊமை. அதற்கு வாய் கொடுப்பது அதன் கீழே எழுதப்படும் வரியும், அதை எடுத்தவர் நின்ற இடமும், அது யாரிடம் சென்று சேர்கிறது என்பதுமேயாகும். ஆகவே, படமெடுக்கலாமா என்று கேட்பதற்கு முன், கமெரா யார் கையில் இருக்கிறது என்று கேட்பதே முற்போக்காளர்க்கு அழகு.

நம் கண்முன் நிகழ்ந்த உதாரணமே போதும். 2009இல் வன்னியில் நடந்தவற்றுக்கு உலகம் கண்ட ஆதாரங்களுட் பல, கைதிகளைக் கொன்றவர்களே வெற்றிச் சின்னமாகத் தம் கைத்தொலைபேசிகளிற் பிடித்துக்கொண்டவை. 2011 யூனில் பிரித்தானியாவின் செனல் 4 தொலைக்காட்சி அவற்றை ஒளிபரப்பியது. கட்டுண்டவரைக் கேலி செய்ய எடுத்த படம், எடுத்தவருக்கெதிரான ஆவணமாயிற்று. கம்போடியாவிலும் இதுவே நடந்தது. நொம் பென் நகரில் ஓர் உயர்நிலைப் பாடசாலையைச் சிறையாக மாற்றிய பொல் பொட் ஆட்சியினர், கொல்வதற்கு முன் கைதிகளை முறையாகப் படமெடுத்து இலக்கமிட்டனர். அம்முகங்கள் இன்று அதே கட்டிடத்தின் சுவர்களில் நின்று தம்மைக் கொன்றோரைக் குற்றஞ்சாட்டுகின்றன. ஆயின், அதே முகங்களை 1997இல் நியூயோர்க் நவீன கலைக்கூடம் சட்டமிட்டுக் காட்சிக்கு வைத்தது. 2021இல் ஒருவர் அவற்றுக்கு நிறமூட்டி, சிலவற்றின் உதடுகளிற் புன்னகையையும் வரைந்து சேர்த்தார்! கம்போடிய மக்கள் கொதித்தெழுந்ததில் வியப்பென்ன? சாவின் வாயிலில் நின்றவனைச் சிரிக்க வைத்தல் கொன்றதன் தொடர்ச்சியேயன்றி வேறன்று. கலைக்கு எதுவும் பொருளாகலாம் என்று வாதிடும் நண்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது.

நம்மவர் பக்கத்துச் சான்றொன்றும் உண்டு; அதுவே நம்மை அதிகமாக உறுத்துவது. 1983 யூலையில் கொழும்பு பொரளையில் ஆடையுரியப்பட்டு, தலை குனிந்து அமர்ந்திருக்கும் தமிழ் இளைஞனையும், அவனைச் சூழ்ந்து நின்று களிப்போரையும் காட்டும் படத்தை அறியாதார் இல்லை. அதை எடுத்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் சிங்களப் பத்திரிகையான ‘அத்த’வைச் சேர்ந்த சந்திரகுப்த அமரசிங்க. ‘அத்த’ என்றால் உண்மை. அந்த இரவில், அந்தக் கூட்டத்தின் நடுவே, ஒரு சிங்களத் தொழிலாளர் பத்திரிகையாளன் கமெராவை உயர்த்தியது பெருஞ்செயல். அப்படம் இல்லையேல், அவ்வாறு எதுவும் நடக்கவில்லையென்று சாதிப்போர் இன்று மிகுந்திருப்பர்.

ஆயினும், நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு யூலையிலும் அதை நாம் அச்சிட்டு வருகிறோம். சுவரொட்டியில் இடுகிறோம், மலர்களின் அட்டையில் இடுகிறோம். அவ்விளைஞனுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைக் கேட்காமலே அவன் நிருவாணத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோம். எடுத்தவர் செய்தது சாட்சியம். நாம் செய்வது பல வேளைகளில் பழக்கம். படத்தை மறைத்துவிட வேண்டுமென்பது நம் கருத்தன்று. அதைப் பார்க்கும் முறையை மாற்ற வேண்டும் என்கிறோம். அப்படத்தில் பார்க்கப்பட வேண்டியவர்கள் நிற்பவர்களே, அமர்ந்திருப்பவன் அல்லன். அவர்களது காற்சட்டையும் மிதியடியும் கையசைவும் சிரிப்பும்: சாதாரண மனிதர்கள், அநேகமாக நம்மைப்போல் உழைத்துண்பவர்கள், எவ்வாறு அந்நிலைக்குக் கொண்டுவரப்பட்டனர்? எவர் வாக்காளர் பட்டியலை அவர்கள் கையிற் கொடுத்தார்? எவர் அதனால் இலாபமடைந்தார்? வகுப்பறையில் இவ்வினாக்களைக் கேட்காமல் அப்படத்தைக் காட்டுவது அவ்விளைஞனை மீண்டும் அச்சந்தியில் இருத்துவதற்குச் சமம்.

பெயரைக் கேட்பது என்றால் என்னவென்று வங்காளத்தார் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் பி. சி. ஜோஷி, சுனில் ஜானா என்ற இளைஞரைக் கமெராவோடு பஞ்சப் பிரதேசங்களுக்கு அழைத்துச் சென்றார். அவர் எடுத்தவை கட்சி வார ஏட்டில் வெளிவந்து நாட்டை உலுக்கின. சித்தப்பிரசாத் என்ற ஓவியர் மேதினிபூர் மாவட்டத்தில் நடந்து திரிந்து, தாம் கண்டவர்களை வரைந்து, அவர்களின் ஊரையும் கதையையும் எழுதிச் சேர்த்தார். ‘பசித்த வங்காளம்’ எனப் பொருள்படும் அந்நூலின் 5,000 பிரதிகளை ஆங்கில அரசு பறித்து அழித்தது. எலும்புக்கூட்டை வரைந்ததற்காக மட்டும் ஓர் அரசு அத்துணை அஞ்சுமா? எலும்புக்கூட்டுக்கு ஊரும் பெயரும் இருந்ததே அதன் அச்சத்துக்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம்.

போலந்து மண்ணிலே, அவுஸ்விட்ஸ் முகாமில், 1944 ஓகஸ்டில் எடுக்கப்பட்ட நான்கு படங்கள் வேறொரு பாடம் புகட்டுவன. பிணங்களை எரிக்குமாறு வலிந்து அமர்த்தப்பட்ட யூதக் கைதிகள், நச்சுவாயுக் கூடத்தின் வாயிலில் மறைந்து நின்று அவற்றை எடுத்தனர். சுருள் ஒரு பற்பசைக் குழாயினுள் மறைத்து வெளியே கடத்தப்பட்டது. படங்கள் சரிந்தவை, மங்கியவை, ஒன்றில் மரக்கிளைகளைத் தவிர வேறொன்றுமில்லை. பிற்காலத்தில் நூல்களில் வெளியிட்டோர் கறுத்த ஓரங்களை வெட்டி, சரிவை நிமிர்த்தி, உருவங்களைப் பெரிதாக்கித் தெளிவாக்கினர். தெளிவு கூடிற்று, சாட்சியம் குறைந்தது. எடுத்தவனின் கை நடுங்கியதும், குறிபார்த்து எடுக்க அவகாசமில்லாதிருந்ததுமே அப்படங்கள் கூறும் முதற் செய்தி. அதைத் திருத்திவிட்டனர்.

இத்தகைய படங்களோடு நம் மாணவர் எடுக்கும் தூபிப் படத்தை ஒப்பிடுவது மிகையல்லவா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கொலையைப் படமெடுப்பதும் கொலையின் நினைவுக்கல்லைப் படமெடுப்பதும் ஒன்றல்ல என்பது உண்மையே. கல்லின் படம் கொலைக்குச் சான்றாகாது. அது எதற்குச் சான்று? இன்ன நாளில் இக்கல் இங்கு நின்றது. இத்தனை பெயர்கள் அதில் இருந்தன. மக்கள் அதன் முன் கூடினர் என்பதற்கே சான்று. வேறு நாடுகளில் இது அற்பமாகத் தோன்றலாம். பேர்லின் நகரில் 2,711 கற்றூண்களால் அமைந்த நினைவிடத்தை எவரும் இரவோடிரவாக இடித்துவிடப் போவதில்லை. அங்கே தூண்கள்மீது ஏறி நின்று படமெடுப்போரை எண்ணி வருந்தினாற் போதும். இங்கே நிலை வேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர் எழுப்பிய முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 சனவரி 8ஆம் திகதி இரவில் இயந்திரங்கொண்டு தகர்க்கப்பட்டது. மாணவர் வாயிலில் அமர்ந்தனர், உண்ணாவிரதமிருந்தனர், 11ஆம் திகதி காலை மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது, அவ்வாண்டிலேயே தூபி எழுந்தது. ஆயின், முதலாவது தூபி இன்று படங்களில் மட்டுமே உள்ளது. அதன் முன் நின்று வேடிக்கையாகத் தம்மைப் படமெடுத்துக்கொண்ட மாணவரும் தம்மையறியாமலே ஆவணம் சமைத்தவராயினர்! வரலாறு சில வேளை இவ்வாறு நம் ஒழுக்க விதிகளைப் பார்த்து நகைக்கிறது.

ஆகவே படமெடுங்கள் என்றே மாணாக்கர்க்குச் சொல்கிறோம். பெயர்கள் வாசிக்கக்கூடியதாக எடுங்கள், திகதியைக் குறியுங்கள், அழுதுகொண்டிருக்கும் தாயின் முகத்துக்குள் கருவியை நீட்டாதீர்கள், அஸ்தமனத்துக்காகக் காத்து நிற்காதீர்கள். 2025இல் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டபோது, சிறு பிள்ளையின் எச்சங்களோடு நீல நிறப் பாடசாலைப் பையொன்றும் விளையாட்டுப் பொருளும் கிடைத்தன. அவ்வகழ்வில் நிபுணர் எடுக்கும் படத்தில் பொருளின் அருகே இலக்கமும் அளவுகோலும் இருக்கும். அழகு இராது. அந்த அளவுகோலில் உள்ள பணிவு பல கவிதைகளில் இல்லையென்றே நமக்குப் படுகிறது.

நம் முன்னோர் கல் நாட்டியதிலும் அத்தகைய ஒழுங்கு இருந்தது. தொல்காப்பியம் அதை ஆறு துறைகளாக வகுக்கிறது. முதலாவது காட்சி, இறுதியானது வாழ்த்து. வீரனின் பெயரும் சிறப்பும் கல்லிற் பொறிக்கப்பட்டன. ஆயின், நடுகல் போரில் வீழ்ந்தவனுக்கே உரியது. தொட்டிலிற் கிடந்த நான்கு மாதக் குழந்தைக்கும், படகில் சந்தைக்குப் புறப்பட்ட கிழவிக்கும் அவ்விலக்கணத்தில் இடமில்லை. அவர்களை வீரராக்கி வாழ்த்தினாற்றான் நினைவுகூர முடியும் என்று எண்ணுவது அவர்களுக்குச் செய்யும் இன்னோர் அநீதி. கீழ்வெண்மணியில் 1968 டிசெம்பர் 25ஆம் திகதி குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 உழைப்பாளிகளும் கூலி கேட்டோரும் அவர்தம் பெண்டு பிள்ளைகளுமே. அவர்கள் நினைவிடத்தில் வாழ்த்துக்கு முன் பெயர்ப் பட்டியல் இருக்கிறது.

இனி, கசப்பான ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1990 ஓகஸ்டில் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் இராணுவம் பிடித்துச் சென்ற இளைஞர் பலர் திரும்பவில்லை. அவர்தம் பெற்றோர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். அதே மாதம் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். சுவரிலே துளைத்த குண்டுகளின் வடுக்களை அம்மக்கள் பூசி மறைக்காமல் வைத்திருக்கின்றனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வீடுவாசலை விட்டு விரட்டப்பட்டனர். யாழ்ப்பாணத்துச் சோனக தெருவிலிருந்து சென்றவர்கள் நமக்கு அந்நியரல்லர். நம் பாடசாலைகளிற் படித்தவர்கள். தன் இனத்தின் பிணத்தை மட்டும் எண்ணும் கண் சாட்சியின் கண்ணன்று, வழக்காளியின் கண். வழக்காளிக்கும் நியாயம் உண்டு. ஆனால் சிலப்பதிகாரப் புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் பொய்க்கரி கூறுவோரைப் புடைத்துண்டதாகக் கதை சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பாதியை மட்டும் கூறும் கரியை அப்பூதம் என்ன செய்திருக்கும் என்று மாணவர் கேட்டால் நாம் என்ன சொல்வது? அல்லைப்பிட்டிப் படத்தை வகுப்பிற் காட்டும் ஆசிரியர் காத்தான்குடிச் சுவரின் படத்தையும் காட்டத் துணிய வேண்டும். பெற்றோரிடமிருந்து எதிர்ப்பு வரும், வரட்டும்.

மாணவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்றுக்கு மட்டும் நம்மால் இன்னும் செவ்வையாக விடை கூற முடியவில்லை. நினைவேந்தல் நடக்கும் இடங்களில் சற்றுத் தள்ளி, மரநிழலில், மோட்டார் சைக்கிளிற் சாய்ந்தவாறு நின்று, வந்தவர் ஒவ்வொருவரையும் படமெடுக்கும் சிவிலுடை மனிதரை வடக்கில் அறியாதவர் இல்லை. அவர் கருவியும் நம்முடையதைப் போன்றதே. அவர் நம்மை எடுக்கிறார். நாம் கல்லை எடுக்கிறோம். விளக்கேற்ற வந்த பதினேழு வயதுப் பிள்ளையின் முகம் அதற்குள் போய்விடுகிறது. பிள்ளையை வரவேண்டாம் என்று சொல்வதா, வா என்று சொல்வதா? ஒரு மாணவி கேட்டாள்: “அவரும் ஒவ்வொரு வருடமும் யார் யார் வந்தார்கள், என்ன திகதி என்று எழுதித்தானே வைக்கிறார், சேர்? அப்போது அவரிடம்தானே முழுப் பதிவும் இருக்கும்?”

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். நொம் பென் பாடசாலைச் சுவரிலுள்ள படங்களைப் பற்றி அடுத்த பாடவேளையிற் பேசுவதாகச் சொல்லியிருக்கிறோம்.